குளிர் நாட்டுக்குக் குடிபோன கொடி

கேமரன் மலையின் தானா ராத்தாவில் பன்னிரண்டு வெள்ளி கொடுத்து வாங்கிய ஐவித் தொட்டி, தாப்பாவுக்கு இறங்கி வந்த ஏழாவது வாரத்தில் இலைகளைக் கொட்டத் தொடங்கியது. முதலில் ஓரங்கள் பழுப்பேறின. பிறகு இலைகளின் அடிப்பக்கத்தில் சிலந்திப்பேன் வலை கட்டியது. மலையில் கடைக்காரரின் மேசையிலிருந்து அது வழிந்து தொங்கிய அழகில் மயங்கி, அறுபது கிலோமீட்டர் வளைவுப் பாதை முழுவதும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த செடி. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது குளிரில் பிறந்த பிள்ளை. இங்கே எப்படித் தங்கும்?” என்றார்.

அக்கா முப்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். செடி கொடிகளைப் பற்றி அவர் சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இதில் பாதிதான் சரி. ஐவி குளிர் நாட்டில் வளர்வது உண்மை. ஆனால் அதன் குடும்பம் நம் பக்கத்துக் குடும்பம். சொந்தபந்தங்களை வெப்ப மண்டலத்தில் விட்டுவிட்டு வடக்கே குடிபோன கொடி அது. போன இடத்திலும் ஊரோடு ஒத்துப் போகாமல், மற்ற மரங்கள் உறங்கும்போது விழித்திருக்கிறது. மற்றவை காய்த்து ஓய்ந்த பிறகு பூக்கிறது. இதை அக்காவிடம் சொல்லி முடிக்க நாலைந்து மாலைகள் ஆயின. அவர் இடையிடையே கேட்ட கேள்விகள் இல்லாவிட்டால் எனக்கே சில விஷயங்கள் விளங்கியிருக்காது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஐவி என்ற பெயரை ஆங்கிலேயர்கள் கண்ட கொடிக்கெல்லாம் தாராளமாக வழங்கிவிட்டார்கள். நாம் பொரியல் செய்யும் கோவைக்காய்க்கு ஆங்கிலத்தில் ‘ஐவி கார்ட்’ என்று பெயர். இலை கொஞ்சம் ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். கோவை பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கார்ட்டூன்களில் வரும் ‘பாய்சன் ஐவி’ வட அமெரிக்காவில் வளர்வது, தொட்டால் கொப்புளம் போடுவது. அது மா, முந்திரி ஆகியவற்றின் குடும்பம். நம் காடுகளில் மரம் வெட்டுபவர்கள் அஞ்சும் ரெங்காஸ் மரமும் அதற்குச் சொந்தம். ‘பாஸ்டன் ஐவி’ திராட்சைக் குடும்பம். உண்மையான ஐவி, 1753-இல் கார்ல் லின்னேயஸ் ‘ஹெடரா ஹீலிக்ஸ்’ என்று பெயரிட்டுப் பதிவு செய்த கொடி. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் காட்டில் தானாக வளர்வது. ஹீலிக்ஸ் என்றால் சுருள். ஐவியோ எதையும் சுற்றிக்கொண்டு ஏறுவதே இல்லை. எப்படி ஏறுகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

என்னிடம் டியூஷனுக்கு வந்த சிறுவன் ஒருவன், “ஐ என்றால் ஐந்து, இலையில் ஐந்து முனை இருக்கிறது, அதனால்தான் ஐவி, இல்லையா சார்?” என்று கேட்டான். சொல்லாராய்ச்சியில் பூஜ்யம்; நினைவில் வைத்துக்கொள்ள அருமையான வழி. தமிழில் ஐவிரலிக் கோவை என்றே ஒரு கொடி இருப்பதால் அவனைத் திட்டவும் மனம் வரவில்லை.

இனிக் குடும்பம். ஐவி சேர்ந்த குடும்பத்துக்கு அராலியேசி என்று பெயர். அதன் உறுப்பினர்களில் பெரும்பாலானவை வெப்ப நாட்டு மரங்களும் புதர்களும்தான். நம் ஊரிலேயே அவற்றைக் காட்டலாம். வங்கி வாசல்களிலும் கிளினிக் வாசல்களிலும் தொட்டியில் நிற்கும் ஷெஃப்லெரா, ஒரே காம்பின் நுனியிலிருந்து ஏழெட்டு இலைகளைக் குடை விரித்தாற்போல் விரிக்குமே, அது ஐவியின் உறவு. வீட்டு முகப்பில் வேலியாக வெட்டிவிடும், இலை நறுக்கு நறுக்காக இருக்கும் பொலிசியாஸ், அதுவும் உறவு. சீன மருந்துக் கடையில் கண்ணாடிப் புட்டிக்குள் கைகால் விரித்துக் கிடக்கும் ஜின்செங் கிழங்கும் அதே குடும்பம்தான், அது குளிர் நாட்டுக் கிளை. ஹெடரா என்ற பிரிவில் மொத்தமே பத்துப் பதினைந்து இனங்கள். அவற்றில் ஒன்று இமயமலையில் காட்டுக் கொடியாகவே வளர்கிறது. ஐரோப்பா இன்றைவிட வெதுவெதுப்பாக இருந்த பழங்காலத்தில் அங்கே பசுமை மாறாக் காடுகள் பரவியிருந்தன. பிறகு குளிர் வந்தது, பனியுகங்கள் வந்தன, அந்தக் காடுகள் அழிந்தன. அவற்றின் எச்சமாக இன்றுவரை தாக்குப்பிடித்த சிலவற்றில் ஐவியும் ஒன்று என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள்.

ஐவியைப் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ‘பசுமை மாறா ஏறுகொடி’ என்றுதான் தொடங்கும். தாப்பாவில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தால் ஒன்றும் புரியாது. இங்கே எதுதான் பசுமை மாறுகிறது? மாமரம், ரம்புத்தான், பலா, செம்பனை எல்லாம் ஆண்டு முழுவதும் பச்சைதான். பழைய இலை ஒன்றிரண்டாக விழும், புதியது ஒன்றிரண்டாக வரும். மரம் ஒருபோதும் மொட்டையாவதில்லை. பசுமை மாறாமை இங்கே ஒரு சிறப்பே அல்ல.

ஆனால் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு விதிவிலக்கு தெரியும். பால்மரம். அக்கா சொன்னார்: “தைப்பூசம் முடிந்த கையோடு இலை மஞ்சளாகும், சிவப்பாகும், அப்புறம் ஒரே கொட்டுதான். நிரை நிரையாக எல்லா மரமும் குச்சிக் குச்சியாக நிற்கும். காலடியில் சருகு நொறுங்குகிற சத்தத்தில் பக்கத்து நிரையில் யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். பால் குறையும். சம்பளமும் குறையும்.” சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் வரும், பிறகுதான் பழைய நிழல் திரும்பும். அமேசான் காட்டிலிருந்து எடுத்துவரப்பட்டு 1877-இல் நம் பேராவின் கோலகங்சாரில் ஊன்றப்பட்ட மரம், இன்றுவரை ஆண்டுக்கொரு முறை இலை உதிர்க்கும் பழக்கத்தை விடவில்லை.

“அந்த ஒரு மாதத்தில் மரத்தடிப் புல் எப்படி இருக்கும், அக்கா?” என்று கேட்டேன்.

“அதை ஏன் கேட்கிறாய்? வெயில் பட்டதும் திமுதிமுவென்று எழும்பும். புல் வெட்டுகிறவர்களுக்கு அப்போதுதான் வேலை அதிகம்.”

ஐவியின் பிழைப்பு முழுவதும் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. ஐரோப்பாவின் ஓக் மரக் காடு, பால்மரத் தோட்டம்போல ஒரு மாதம் அல்ல, ஆண்டில் ஏறக்குறைய பாதி மொட்டையாக நிற்கிறது. அக்டோபர், நவம்பரில் இலை கொட்டினால் ஏப்ரல் வாக்கில்தான் மறுபடி துளிர்க்கும். கோடையில் அந்தக் காட்டின் தரை இருட்டு. குளிர்காலத்தில் தரைவரை வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ள மற்ற மரங்களிடம் இலையில்லை; ஐவியிடம் இருக்கிறது. கொஞ்சம் வெதுவெதுப்பான குளிர்கால நாள் ஒன்று கிடைத்தால் போதும், அது தன் உணவைச் சமைக்க ஆரம்பித்துவிடும். ஊரே கடையடைத்திருக்கும் நாளில் திறந்திருக்கும் ஒட்டுக்கடைக்குக் கூட்டம் வருவதுபோல.

அதற்கு ஏற்றாற்போல் இலையும் தடித்தது, மெழுகு பூசியது. உறைபனிக் காலத்தில் மண்ணிலுள்ள நீர் கட்டியாகிவிடுவதால் வேர் உறிஞ்ச முடியாது. எனவே உள்ளே இருக்கும் நீரை இலை இழக்கக் கூடாது. குளிர் நெருங்கும்போது செல்களுக்குள் சர்க்கரை கூடுகிறது. சர்க்கரை கலந்த நீர் எளிதில் உறையாது. சில செடிகளில் இலை ஊதா கலந்த சிவப்பாக மாறும். அது சாவின் நிறம் அல்ல, வெயிலுக்குப் பிடித்த குடை என்று சொல்லலாம்.

இருந்தாலும் இந்தத் துணிச்சலுக்கு ஓர் எல்லை உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த யொஹானஸ் ஈவர்சன் 1944-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு ஏறத்தாழ இரண்டு டிகிரி கீழே போய்விட்டால், அந்த வட்டாரத்தில் ஐவி பூத்துக் காய்ப்பதில்லை என்று அவர் கண்டார். இதைத் திருப்பிப் போட்டார். சதுப்பு நிலங்களின் பழைய அடுக்குகளைத் தோண்டி, எந்த அடுக்கில் ஐவியின் மகரந்தம் இருக்கிறதோ அந்தக் காலத்துக் குளிர்காலம் இவ்வளவுக்குக் கீழே போயிருக்காது என்று கணக்கிட்டார். மகரந்தத் தூள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். வெப்பமானி கண்டுபிடிப்பதற்கு முன்பிருந்த குளிரை ஒரு கொடியை வைத்து அளந்திருக்கிறார். டென்மார்க்கில் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைவிட வெப்பமான காலம் ஒன்று இருந்ததை இந்த வழியில்தான் காட்டினார்.

சரி, ஏறுவதற்கு வருவோம். கொடிகள் எல்லாம் ஒரே மாதிரி ஏறுவதில்லை. நீளப்பயறு தன் தண்டையே கம்பில் சுற்றிக்கொண்டு போகிறது. பாகல், கோவை போன்றவை பற்றுக்கம்பிகளை நீட்டிப் பிடித்துக்கொள்கின்றன. காட்டுப் பிரம்புக்கு முள்கொக்கிகள். சட்டையைப் பிடித்து இழுத்த பிரம்பை அனுபவித்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். வெற்றிலைக் கொடியோ கணுவுக்குக் கணு சிறு வேர்களை விட்டு மரப்பட்டையை ஒட்டிக்கொண்டு ஏறுகிறது. பள்ளிப் பாடத்தில் இவற்றுக்குப் பற்றுவேர்கள் என்று பெயர். ஐவி இந்தக் கடைசிக் கட்சி. அக்கா வீட்டுக் குளியலறைச் சுவரோரம் இருக்கும் வெற்றிலைக் கொடியைக் காட்டியபோது, “இவ்வளவுதானா?” என்றார். இவ்வளவுதான், ஆனால் இதற்குள் ஒரு பட்டறையே இருக்கிறது.

2010-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் ஐவி வேர் ஒட்டுவதை நான்கு படிகளாகப் பிரித்து விவரித்தார்கள். முதலில் வேர் சுவரைத் தொடுகிறது. தொட்டதும், சுவரின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு, நெருங்கிப் படிகிறது. பிறகு பசையைக் கசிய விடுகிறது. கடைசிப் படிதான் அபாரம்: வேரின் மேலுள்ள நுண்மயிர்கள் சிறு சிறு துளைகளுக்குள் நுழைந்து, பிறகு காய்ந்து சுருண்டு திருகிக்கொள்கின்றன. திருகும்போது கொடியையே சுவரை நோக்கி இழுக்கின்றன. வெளியே இழுத்தால் வராது. சுவரில் திருகாணி இறுக்குவதற்கு நாம் ஆள் கூப்பிடுகிறோம். இந்தச் செடி தன் திருகாணியைத் தானே முளைக்க வைக்கிறது.

அந்தப் பசையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2008-இல் நுண்நோக்கியில் பார்த்தபோது, பசைக்குள் 70 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகள் தெரிந்தன. நம் தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. 2016-இல், அவை சர்க்கரைச் சரங்கள் கோத்த ஒருவகைப் புரதத்தால் ஆனவை என்று தெரிந்தது. உருண்டைகள் அவ்வளவு சிறியவை என்பதால் பசை நீர்போல நெகிழ்ந்து, மிக நுண்ணிய பிளவுகளுக்குள்ளும் பரவுகிறது; பிறகு கால்சியத்தின் உதவியோடு இறுகிக் கெட்டியாகிறது.

இதற்கெல்லாம் வெகு முன்பே சார்லஸ் டார்வின் இந்தப் பக்கம் வந்து போயிருக்கிறார். 1865-இல் ஏறுகொடிகளைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியபோது, ஐவியைப் போலவே சுவரேறும் ஓர் அத்திக் கொடியின் இளம் வேர்களைக் கண்ணாடித் துண்டுகளில் மெல்ல அழுத்தி வைத்துக் காத்திருந்தார். ஒரு வாரம் கழித்து வேர்கள் தெளிந்த, லேசாகப் பிசுபிசுக்கும் துளிகளைக் கசிய விட்டன. அந்த அத்திக் கொடி நமக்குப் பழக்கமானதுதான். சாலையோரத் தடுப்புச் சுவர்களிலும் மேம்பாலத் தூண்களிலும் சின்னச் சின்ன இலைகளோடு பச்சைப் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கிறதே, அதேதான். ஐவியைப் பார்க்க மலைக்குப் போக முடியாதவர்கள் அதைப் பார்த்தால் முக்கால் பாடம் படித்துவிடலாம். காரை நிறுத்திவிட்டுப் பாருங்கள், ஓட்டிக்கொண்டே அல்ல.

“மரத்தில் ஏறினால் மரத்தை உறிஞ்சிக் கொன்றுவிடாதா?” என்பது அக்காவின் அடுத்த கேள்வி. ஐரோப்பாவிலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்கும் கேள்வி இது. மரத்தின் மேல் இருப்பதெல்லாம் ஒன்றல்ல. புல்லுருவி உண்மையான ஒட்டுண்ணி. அது மரத்தின் கிளைக்குள்ளேயே உறிஞ்சு உறுப்பைச் செலுத்தி நீரையும் உப்பையும் திருடுகிறது. செம்பனைத் தண்டில் மட்டை வெட்டிய இடங்களில் முளைத்திருக்கும் பெரணிகள் வெறும் ஒண்டுக்குடித்தனம். மட்கில் வேர்விட்டு, மழைநீரில் வாழ்கின்றன, செம்பனைக்கு வாடகையும் இல்லை, வலியும் இல்லை. பறவை எச்சத்திலிருந்து மரத்தின் உச்சியில் முளைக்கும் சில ஆல், அத்தி வகைகள் மேலிருந்து கீழே வேர் இறக்கி, வேர்களைப் பின்னி, தாங்கிய மரத்தையே நெரித்துவிடும். ஐவி இந்த மூன்றும் அல்ல. அதன் உண்மையான வேர் தரையில் இருக்கிறது. சாப்பாட்டை அதன் இலையே சமைக்கிறது. பற்றுவேர்கள் பட்டையின் மேல்தோலைப் பிடித்திருக்கின்றனவே தவிர, உயிருள்ள பகுதிக்குள் நுழைந்து உண்பதில்லை.

அதற்காக ஐவிக்கு நற்சான்று கொடுத்துவிடவும் முடியாது. இருபது, முப்பது மீட்டர்வரை ஏறக்கூடிய கொடி. ஏற்கெனவே நோயுற்று மேல்பகுதி மெலிந்த மரத்தில் அது வேகமாகப் பரவி வெளிச்சத்தை மறைக்கும். குளிர்காலப் புயலில் அந்த இலைக்கூட்டம் பாய்மரம்போலக் காற்றைப் பிடித்து மரத்தைச் சாய்த்தும் விடும். சொந்த ஊருக்கு வெளியே கொண்டுபோன இடங்களில் தொல்லை இன்னும் அதிகம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2010 முதல் ஐவியை விற்கத் தடை. வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்த மிக்கானியாக் கொடி நம் தோட்டங்களில் படுத்தும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் ஐவியின் இளமைப் பருவம் மட்டுமே. கடையில் விற்கும் தொட்டியில் ஐந்து முனை இலையோடு இருப்பதும், சுவரில் ஒட்டி ஏறுவதும், காட்டுத் தரையில் படர்வதும் எல்லாம் குழந்தைகள். பெரியவரான ஐவியைப் பார்த்தால் அது வேறு செடி என்றே நினைப்போம்.

இளங்கொடி நிழலை விரும்புகிறது. அதன் தளிர்கள் பலத்த வெளிச்சத்திலிருந்து விலகி இருண்ட பக்கம் வளைகின்றன. காட்டில் இருண்ட பக்கம் என்றால் பெரும்பாலும் பருத்த மரத்தண்டு. அப்படித் தண்டைச் சேர்ந்து, இலைகளை இரண்டு வரிசையாக ஓடு வேய்ந்தாற்போல் பரப்பிக்கொண்டு ஆண்டுக்கணக்காக ஏறுகிறது. உச்சியில் வெயில் கிடைக்கும் இடத்தை அடைந்ததும், பொதுவாகப் பத்து ஆண்டு வாக்கில், ஆள் மாறிவிடுகிறது. புதுக் கிளைகள் மரத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு தாமாக நிற்கின்றன. பற்றுவேர் விடுவதில்லை. இலைகள் இரண்டு வரிசையை விட்டுத் தண்டைச் சுற்றிச் சுழல் வரிசையில் அமைகின்றன. ஐந்து முனைகள் மறைந்து, இலை அரச இலையின் சாயலில் முழுதாகிறது. பூப்பதும் காய்ப்பதும் இந்தக் கிளைகளில்தான்.

ஒரே கொடி, ஒரே மரபணு. அடியில் குழந்தை, உச்சியில் பெரியவர், இரண்டும் ஒரே நேரத்தில். இன்னும் வியப்பு, அந்தக் கிளைகளுக்கு நினைவு இருப்பதுபோல் நடப்பது. உச்சிக் கிளையை வெட்டி மண்ணில் ஊன்றினால், அது கொடியாக ஏறாமல் புதராகவே வளரும். பழைய தோட்டக்காரர்கள் அதை ‘மர ஐவி’ என்று தனிச் செடியாகவே விற்றார்கள். மிளகு வளர்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மிளகில் ஏறும் தண்டைப் பதியம் போட்டால் கொடி. காய்க்கும் பக்கக் கிளையைப் பதியம் போட்டால் தொட்டிக்குள் அடங்கும் புதர் மிளகு. ஒரு வித்தியாசம் உண்டு. மிளகில் இரண்டும் ஒரே காலத்தில் வளரும் இரண்டு வகைக் கிளைகள். ஐவியில் ஒன்று முந்திய பருவம், மற்றது பிந்திய பருவம்.

பருவத்தைப் பின்னோக்கித் திருப்ப முடியுமா? முடியும். 1957-இல் வில்லியம் ராபின்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், முதிர்ந்த ஐவிக்கு ஜிபெரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார். முழு இலை விட்டுக்கொண்டிருந்த கிளை மறுபடி முனை இலைகளையும் பற்றுவேர்களையும் விடத் தொடங்கியது. கிழவன் குமரனான கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். ஆய்வுக்கூடத்தில் நடந்தது இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நம் வீட்டு மணி பிளாண்டையும் கவனிக்க வேண்டும். அதுவும் பற்றுவேர்க் கொடிதான், ஆனால் வேறு குடும்பம், சேம்புக் குடும்பம். பாட்டிலில் நீருக்குள் இருக்கும்போது உள்ளங்கை அளவு இலை. மரத்தில் ஏறவிட்டால் இலை முறத்தளவுக்குப் பெருத்து, கிழிந்தும் போகிறது. தாப்பாச் சாலையோர மழைமரங்களில் அப்படி ஏறியதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் அவ்வளவு ஏறியும் அது பூப்பதே இல்லை. 1964-க்குப் பிறகு தானாகப் பூத்ததாகப் பதிவில்லை. காரணத்தை 2016-இல் கண்டுபிடித்தார்கள்: அதே ஜிபெரெல்லினைத் தயாரிக்கும் மரபணு அதில் வேலை செய்யவில்லை. வெளியிலிருந்து தெளித்தால் பூக்கிறது. ஐவியைக் குழந்தையாக்கும் அதே ஹார்மோன் மணி பிளாண்டைப் பெரியவளாக்குகிறது. இதைக் கேட்டுவிட்டு அக்கா, “ஒரே மருந்து ஆளுக்கொரு மாதிரி வேலை செய்யும் என்று டாக்டர் சொல்வாரே, அதுபோலவா?” என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியவில்லை.

பெரியவர் ஆன ஐவி எப்போது பூக்கிறது என்பதுதான் இந்தக் கொடியின் பெரிய வினோதம். ஐரோப்பாவில் பூக்காலம் வசந்தமும் கோடையும். செப்டம்பரில் கடை கட்டும் நேரம். ஐவி அப்போதுதான் கடை திறக்கிறது. செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை, மஞ்சள் கலந்த பச்சையில், குடைமஞ்சரியாக உருண்டை உருண்டையாகப் பூக்கள். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு பூவின் நடுவிலும் தேன் திறந்த தட்டில் வைத்ததுபோல் இருக்கிறது. நீண்ட நாக்கு இல்லாத ஈக்கும் குளவிக்கும்கூட எட்டும். குளிருக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டிய தேனீ, ஈ, குளவி, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றுக்கும் ஆண்டின் கடைசிப் பந்தி இதுதான்.

இந்தப் பந்தியைப் பெரும்பாலும் நம்பி வாழும் ஒரு தேனீயும் இருக்கிறது. ஐவித் தேனீ. கூட்டமாக வாழாமல் மணலில் தனித்தனி வளை தோண்டி வாழ்வது. 1993-இல்தான் அதைத் தனி இனம் என்று அடையாளம் கண்டார்கள். 2001-இல் முதன்முறையாக பிரிட்டனில் காணப்பட்டது. மற்ற தேனீக்கள் வசந்தத்தில் வெளிவரும்போது இது மண்ணுக்குள் பொறுத்திருந்து, ஐவி பூக்கும் நேரம் பார்த்து வெளிவருகிறது. வீட்டுத் தேனீக்களும் ஐவித் தேனைச் சேர்க்கும், ஆனால் அதில் குளுக்கோஸ் அதிகம் என்பதால் அடைக்குள்ளேயே கல்லாக உறைந்துவிடும். தேன் வளர்ப்பவர்கள் இதற்காக ஐவியை வைவது வழக்கம்.

பூ இலையுதிர் காலத்தில் என்றால் பழம் குளிர்காலத்தின் கடைசியில். பட்டாணி அளவில், கருநீலத்தில், கொழுப்புச் சத்து மிகுந்த பழம். மற்ற பழங்கள் தீர்ந்து, புழுக்கள் இன்னும் வெளிவராத அந்த வறண்ட வாரங்களில் கரும்பறவைகளுக்கும் காட்டுப் புறாக்களுக்கும் அதுதான் சோறு. அவை விதையைத் தூரத்தில் எச்சமிடுகின்றன. நேரம் தப்பிப் பூப்பதாகத் தோன்றிய கொடிக்குப் போட்டியே இல்லாத சந்தை கிடைத்துவிடுகிறது. பழைய வெப்ப நாட்டு நாள்காட்டியின் மிச்சம்தான் இந்தக் கால மாற்றம் என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அதில் ஒரு சாய்வு உண்டு.

பழத்தைப் பறவை தின்கிறது என்பதற்காக நாம் தின்னக் கூடாது. ஐவியில் சபோனின்கள் இருக்கின்றன, சீயக்காயையும் பூந்திக்காயையும் நுரைக்க வைக்கும் பொருள்களின் வகை, வயிற்றைக் கலக்கிவிடும். சாறு சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும், எனவே கிளை நறுக்கும்போது கையுறை நல்லது. இந்த இலையிலிருந்தே முறையாகப் பிரித்தெடுத்த சாற்றை, சளியை இளக்கும் இருமல் மருந்தில் சேர்க்கிறார்கள். நம் மருந்தகங்களிலும் கிடைக்கிறது. அதற்காகத் தொட்டியிலிருந்து இலை பறித்துக் கஷாயம் போட்டுவிட வேண்டாம்.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் இங்கிலாந்தின் பழைய சுவர்களில் அளந்து பார்த்தபோது, ஐவி படர்ந்த சுவர் கோடையில் அதிகம் சூடாவதுமில்லை, குளிரில் அதிகம் குளிர்வதுமில்லை என்று தெரிந்தது. வாகனப் புகையின் தூசையும் இலை தடுத்துவிடுகிறது. ஏற்கெனவே விரிசல் உள்ள சுவரென்றால் கதை வேறு. விரிசலுக்குள் உண்மையான வேர் இறங்கினால், நம் கடைவீதிப் பழைய கட்டடங்களின் மாடியில் முளைத்த அரசங்கன்று செய்வதை அதுவும் செய்யும்.

என் தொட்டிக்கு என்ன நேர்ந்தது என்று இப்போது சொல்லிவிடலாம். கடுங்குளிரைத் தாங்குவதற்குக் கற்றுக்கொண்ட செடி, ஓய்வே தராத வெப்பத்துக்குப் பழகவில்லை. மலையில் இரவு குளிர்கிறது; பகலில் சமைத்ததை இரவில் சேமிக்க முடிகிறது. தாப்பாவில் நள்ளிரவிலும் புழுக்கம். சூடு கூடக்கூடச் செடியின் மூச்சும் வேகமாகிறது. பகல் வருமானத்தை இரவுச் செலவு தின்றுவிடுகிறது. சோர்ந்த செடியைச் சிலந்திப்பேன் தேடிவந்தது. தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன், இடம் மாற்றினேன். பத்தாவது வாரம் தண்டு மட்டும் மிஞ்சியது. அதைக் கீறிப் பார்த்தபோது உள்ளேயும் பச்சை இல்லை.

தொட்டியைக் குப்பையில் போட இருந்தேன். அக்கா வாங்கிக்கொண்டு போய், மண்ணைக் கிளறி, தன் வெற்றிலைக் கொடியில் மூன்று கணு நறுக்கி ஊன்றி, என் வீட்டுச் சுவரோரமே திருப்பி வைத்துவிட்டார். நேற்றுக் காலை பார்த்தேன். புதுத் தளிரின் இரண்டாவது கணுவிலிருந்து வெள்ளையாக நாலைந்து வேர்கள் கிளம்பி, அவற்றில் ஒன்று சுவரின் சுண்ணாம்பைத் தொட்டிருக்கிறது.